வன்னியில் றிமோட் விமானம் பறக்கவிடுவது எப்படி: முதலில் நிலம், பிறகு வானம்

என்னுடைய முதல் விமானம் நாற்பது செக்கன்தான் பறந்தது. வெள்ளை ரெஜிபோம் (பெட்டிக்குள் பொதிக்கு வைக்கும் பாரமில்லாத நுரை அட்டை) உடம்பு, சிவப்பு மூக்கு. ஒரு பக்கமாகச் சரிந்து, அறுவடை முடிந்த வயலைத் தாண்டி, அப்பால் இருந்த பற்றைக்குள் போய் விழுந்தது. றிமோட்டைக் கையில் பிடித்தபடியே ஓடினேன். வரம்பில் மாடுகளோடு நின்ற ஒரு பெரியவர், "தம்பி, உதில நில்லு! அங்கால போகாத!" என்று கத்தினார். நின்றேன். அந்தப் பற்றை போர்க்காலத்து மண் அணை ஒன்றின் மிச்சம். அது மிதிவெடி அகற்றித் துப்புரவு செய்யப்பட்ட இடமா, இல்லையா என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விமானம் அங்கேயே கிடந்தது. அடுத்த மழைக்கு அதன் சிவப்பு மூக்கு வெளுத்துப்போனதை வீதியில் நின்று பார்த்தேன்.

இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி இணையத்தில் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். அதில் பெரும்பாலானது வெட்டிய புல்தரையில் நின்று எழுதியது. விமானம் விழுந்தால் நடந்துபோய் எடுத்து வருவதை அவர்கள் ஒரு விஷயமாகவே கருதுவதில்லை. நமக்கு அதுதான் முதல் விஷயம். அதனால் இந்த வழிகாட்டி மோட்டாரிலிருந்து தொடங்கவில்லை, காலடியிலிருந்து தொடங்குகிறது.

1. வெட்டை தேடுதல்

வன்னியில் வெட்டைக்குப் பஞ்சமில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எங்கு போனாலும் கண்ணுக்கு எட்டிய தூரம் வெளிதான். ஆனால் வெறுமையாகக் கிடக்கும் நிலமெல்லாம் பறக்கவிட ஏற்ற நிலம் அல்ல. நான் பார்க்கும் முதல் அடையாளம் உழவு. தொடர்ந்து சில போகங்கள் உழுது, விதைத்து, அறுத்த வயல்தான் நல்லது. உழவு இயந்திரம் பல தடவை ஏறி இறங்கிய மண் அது. காலபோக அறுவடை முடிந்த பிறகு, மாசி கடைசியிலிருந்து, அடுத்த விதைப்பு வரைக்கும் அதை விடத் திறமான ஓடுபாதை கிடைக்காது. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற பெரிய குளங்களின் கீழ் சிறுபோகமும் செய்வார்கள் என்பதால் அங்கே இடைவெளி குறைவு. பயிர் நிற்கும்போது போகவே வேண்டாம். ஒரு விமானத்தை எடுக்க நான்கு பேர் இறங்கி நெல்லை மிதித்தால் அந்தக் கமக்காரர் அடுத்த வருடம் உங்களைப் படலையிலேயே மறிப்பார்.

வயல் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். ஒரு கணக்குச் சொல்கிறேன். சாதாரண பயிற்சி விமானம் மோட்டார் நின்றாலும் ஒரு மீற்றர் இறங்குவதற்குள் ஏழெட்டு மீற்றர் முன்னால் மிதந்து போகும். 60 மீற்றர் உயரத்தில் மோட்டார் நின்று, அது நேராகப் போனால் 400 மீற்றருக்கு மேல் போய்த்தான் விழும். ஆகவே நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி அவ்வளவு தூரத்துக்கும் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கைவிடப்பட்ட காணி, பழைய மண் அணை, பதுங்குகுழிகள் தூர்ந்த பற்றை, முள்ளுக்கம்பி மிச்சம் கிடக்கும் எல்லை, இவற்றில் ஏதாவது அந்த வட்டத்துக்குள் வந்தால் வேறு வயல் பாருங்கள்.

மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைப் பற்றி இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து மருமகனுக்கு விமானம் வாங்கிக் கொடுப்பவர்களுக்காக எழுதுகிறேன்: பலகை இல்லாத இடம் எல்லாம் பாதுகாப்பான இடம் என்று அர்த்தமில்லை. இலங்கை 2017 இல் ஆளணி எதிர்ப்பு மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்க வேண்டிய காலக்கெடு 2028. முகமாலைப் பக்கம் இந்த வேலை எத்தனை வருடமாக நடக்கிறது என்பதை ஏ9 வீதியால் போகிறவர்கள் எல்லாரும் கண்டிருப்பார்கள். அதோடு வெள்ளம். 2018 மார்கழியில் வந்தது மாதிரியான வெள்ளம் மண்ணையும் அதற்குள் கிடப்பதையும் இடம் மாற்றிவிடும். அதனால் காணிக்காரரையும் கிராம அலுவலரையும் கேட்காமல் நான் புது இடத்தில் கால் வைப்பதில்லை.

அடுத்தது மின்கம்பி. வவுனியாவிலிருந்து கிளிநொச்சி ஊடாகச் சுன்னாகம் போகும் 132 கிலோவோல்ற் லைனின் கோபுரங்கள் தூரத்திலேயே தெரியும். ஆபத்து அதில் குறைவு, வயலுக்குக் குறுக்கே போகும் சாதாரண லைனில் அதிகம். வெளிச்சம் ஒரு மாதிரி விழும்போது கம்பி கண்ணுக்கே தெரியாது, கம்பத்தை எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஏ9 வீதி, ரயில் பாதை, பள்ளிக்கூடம், கோயில், தொலைபேசிக் கோபுரம் எல்லாவற்றுக்கும் தூரமாகப் போங்கள். கோடையில் வற்றிக் கிடக்கும் குளத்தின் அடித்தரை ஆசை காட்டும். மாடுகள் மேயாத நேரம் பார்த்து விடலாம்தான். ஆனால் நடுவில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சியிருந்தால் முதலையும் அதற்குள்தான் மிஞ்சியிருக்கும்.

2. கேட்கிற காதுகள்

இந்தப் பகுதி வேறு எந்த வழிகாட்டியிலும் இருக்காது.

சின்ன மின்மோட்டார் முழு வேகத்தில் சுற்றும்போது ஒரு ரீங்காரம் வரும். நமக்கு அது விளையாட்டுச் சத்தம். போர்க்காலத்தில் மேலே சுற்றிச் சுற்றி நின்ற வேவு விமானத்துக்கு வன்னிச் சனம் வைத்த பெயர் வண்டு. வண்டு இரைந்தால் பின்னால் என்ன வரும் என்று அந்தத் தலைமுறைக்குத் தெரியும். குண்டு போட வந்த ஜெட் விமானமான கிபிரின் பெயரைக் கேட்டாலே இன்றைக்கும் முகம் மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். காலை ஆறரைக்கு ஒரு வீட்டின் பின்பக்கம் திடீரென்று இந்தச் சத்தம் எழும்பினால், அந்த வீட்டு அம்மா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓடி வருவார். ஒரு தடவை அப்படி ஓடி வந்தவரை நான் பார்த்தேன். அவர் என்னை ஏசவில்லை. விமானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பி உள்ளே போய்விட்டார். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அதனால் செய்ய வேண்டியது: புது இடத்தில் பறக்கவிடும் முதல் நாளுக்கு முன்பு, சுற்றியுள்ள வீடுகளுக்கு நேரில் போங்கள். விமானத்தைக் கையில் கொண்டு போங்கள். "அம்மா, இது ரெஜிபோம்தான், நாளைக்கு விடியப்புறம் ஒரு மணித்தியாலம் அந்த வயலில விடப்போறம், சத்தம் கேட்டால் பயப்பிடாதேங்கோ" என்று சொல்லுங்கள். வேண்டுமென்றால் மோட்டாரை ஒருமுறை ஓடவிட்டுக் காட்டுங்கள். யாராவது வேண்டாம் என்றால் காரணம் கேட்க வேண்டாம், வேறு வயல் இருக்கிறது. பெற்றோல் இயந்திரம் பூட்டிய விமானங்களை ஊர்களுக்குப் பக்கத்தில் நான் விடுவதே இல்லை. மின்மோட்டாரில் பெரிய விசிறியை மெதுவாகச் சுற்றவிட்டால் சின்ன விசிறியை வேகமாகச் சுற்றுவதை விடச் சத்தம் குறைவு. அந்த மோட்டாருக்கு எந்த அளவு விசிறி பொருந்தும் என்பதை மட்டும் தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

3. அனுமதி

ஆளில்லாமல் பறக்கும் எதுவும் இலங்கையில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் கீழ் வருகிறது. அடிப்படைச் சட்டம் 2010 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம். எடையையும் பயன்பாட்டையும் பொறுத்துப் பதிவும் அனுமதியும் மாறும். றிமோட் என்பது வானொலி அலை அனுப்பும் கருவி. வெளிநாட்டிலிருந்து கொண்டு வருவதென்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் நிபந்தனைகளையும் பார்க்க வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இந்த வகை விமானங்கள் எல்லாம் ஒரேயடியாகத் தடை செய்யப்பட்டன, பிறகுதான் நிபந்தனைகளோடு திறந்தார்கள். ஆகவே போன வருடம் நண்பர் சொன்னதை நம்பிக் கிளம்பாமல், பறக்கவிடும் காலத்தில் உள்ள விதியை அதிகாரசபையிடமே கேளுங்கள். உயர எல்லை பல நாடுகளில் 120 மீற்றர். இங்கே உங்கள் அனுமதியில் எழுதியிருப்பதுதான் கணக்கு. எப்படியிருந்தாலும் பயிற்சி விமானத்தை 80 மீற்றருக்கு மேல் கொண்டு போனால் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே தெரியாது.

வவுனியாவிலும் இரணைமடுவிலும் விமானப்படைத் தளங்கள் உள்ளன. அவற்றின் பக்கமே போக வேண்டாம். பக்கத்தில் ஆமிக் காம்ப் இருந்தால், பொலிஸ் நிலையத்தில் முதலில் எழுத்தில் கொடுத்து, பதிலைப் பார்த்துவிட்டுப் போங்கள். அனுமதிக் கடிதத்தின் போட்டோ கொப்பி ஒன்று எப்போதும் பெட்டிக்குள் இருக்கட்டும். இன்னொன்று: கமரா பூட்டாதீர்கள். கமரா இல்லாத விமானத்தை விளையாட்டுச் சாமான் என்று விளங்கப்படுத்த ஐந்து நிமிடம் போதும். கமரா இருந்தால் அந்த ஐந்து நிமிடம் ஒரு பின்னேரமாக நீளும்.

4. எந்த விமானம்

கடையில் அழகாகத் தெரியும் போர்விமான வடிவத்தை வாங்க வேண்டாம். இறக்கை உடம்புக்கு மேலே இருக்க வேண்டும், இரண்டு நுனியும் கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும், நீளம் 1.2 முதல் 1.4 மீற்றர். இப்படியான விமானம் ஸ்டிக்கை விட்டால் தானாகவே நிமிரப் பார்க்கும். மூக்கில் விசிறி உள்ளதை விடப் பின்னால் தள்ளும் விசிறி உள்ளது முதல் மாதங்களுக்கு நல்லது, ஏனென்றால் மூக்கு எத்தனை தரம் மண்ணில் குத்தினாலும் விசிறி உடையாது.

ரெஜிபோம்தானே என்று லேசாக எடுக்காதீர்கள். பற்றறியோடு 1.2 கிலோ வரும் விமானம் மணிக்கு 54 கிலோமீற்றர் வேகத்தில் வந்து மோதினால், அதே நிறையுள்ள தேங்காய் ஏறத்தாழ பதினொன்றரை மீற்றர் உயரத் தென்னையிலிருந்து தலையில் விழுந்ததற்குச் சமம். அந்த வேகம் இந்த விமானத்துக்குச் சாதாரண வேகம். தேங்காய்க்கு விசிறியும் கிடையாது.

ட்ரோன் விட்ட அனுபவம் இருக்கிறது என்று சிலர் வருவார்கள். ட்ரோனில் ஸ்டிக்கை விட்டால் அது அந்தரத்தில் நிற்கும். விமானம் நிற்காது. கம்பியூட்டரில் சிமுலேட்டர் போட்டுப் பத்து மணித்தியாலம் விழுத்திப் பழகிவிட்டு வாருங்கள், அங்கே விழுந்தால் செலவில்லை. றிமோட்டில் வேக ஸ்டிக் இடப்பக்கம் இருப்பதும் உண்டு, வலப்பக்கம் இருப்பதும் உண்டு. உங்களுக்குச் சொல்லித்தரப்போகிறவர் எதைப் பாவிக்கிறாரோ அதையே எடுங்கள். பிறகு மாற்ற நினைத்தால் கை கேட்காது.

5. பற்றறி

விசிறி விரலை வெட்டும், லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றறி வீட்டை எரிக்கும். மூன்று செல் பற்றறியில் ஒவ்வொரு செல்லும் நிறைந்தால் 4.2 வோல்ற், மூன்றும் சேர்ந்து 12.6. எந்தச் செல்லும் 3 வோல்ற்றுக்குக் கீழே போகக்கூடாது, போனால் உள்ளே பழுதாகிவிடும், அடுத்த தரம் சார்ஜ் பண்ணும்போதுதான் ஆபத்துக் காட்டும். சார்ஜ் பண்ணும் மின்னோட்டம் பற்றறியின் கொள்ளளவுக்கு மேல் வேண்டாம். 2200 மில்லிஅம்பியர் மணி என்று எழுதியிருந்தால் 2.2 அம்பியர். செல்களைச் சமப்படுத்தும் சார்ஜர்தான் வேண்டும். மோட்டார் சைக்கிள் பற்றறிக்கான சார்ஜரில் கொழுவுகிறவர்களைக் கண்டிருக்கிறேன், அவர்களின் மேசையையும் கண்டிருக்கிறேன்.

சார்ஜ் போட்டுவிட்டு நித்திரைக்குப் போகக் கூடாது, குளிக்கவும் போகக் கூடாது. கட்டில், கதவுத்திரை, கிடுகு, ஓலை எதற்கும் பக்கத்தில் வைக்க வேண்டாம். சீமெந்து நிலத்தில், மணல் போட்ட பெரிய மண்சட்டிக்குள் வைத்துச் சார்ஜ் பண்ணுவது என் பழக்கம். பக்கத்தில் ஒரு வாளி மணலும் இருக்கும். வெளிநாட்டு ஆட்கள் இதற்குப் பழைய தோட்டாப் பெட்டியைச் சிபாரிசு செய்கிறார்கள். நம் ஊரில் அதைக் கையில் கொண்டு திரிந்தால் அது வேறு கதை. எந்த இரும்புப் பெட்டியானாலும் மூடி இறுக்கமாகப் பூட்டப்படக் கூடாது, வாயு வெளியேற வழி வேண்டும். புகை வந்தால் கிட்டப் போய் மூச்செடுக்காதீர்கள், அது நஞ்சு.

வெயிலும் கவனிக்க வேண்டும். கறுப்புப் பையில் பற்றறியைப் போட்டு மோட்டார் சைக்கிள் சீற்றில் வைத்துவிட்டு மர நிழலில் கதைத்துக்கொண்டு நிற்காதீர்கள். பற்றறி உங்களோடு நிழலில் இருக்க வேண்டும்.

6. வீட்டு மேசையில்

முதலில் விசிறியைக் கழற்றுங்கள். மேசையில் செய்யும் எந்த வேலைக்கும் விசிறி பூட்டியிருக்கக் கூடாது.

ஈர்ப்பு மையம்: இறக்கையின் முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரையான அகலத்தில், முன்னிருந்து கால்வாசிக்கும் மூன்றிலொன்றுக்கும் இடையில் இரண்டு விரலால் தூக்கிப் பாருங்கள். பற்றறி உள்ளே இருக்க வேண்டும். மூக்கு கொஞ்சம் தாழ்ந்தால் நல்லது. வால் தாழ்ந்தால் பற்றறியை முன்னால் நகர்த்துங்கள். வால் பாரமான விமானத்தை எவ்வளவு கெட்டிக்காரனாலும் பிடிக்க முடியாது.

அசைவுத் திசை: விமானத்தின் பின்னால் நின்று பாருங்கள். எலிவேட்டர் ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்தால் வாலில் உள்ள எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் அசையும் தட்டு) மேலே எழும்ப வேண்டும். எலரோன் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வல இறக்கையின் எலரோன் (இறக்கையின் பின் விளிம்பில் அசையும் தட்டு) மேலேயும் இடது கீழேயும் போக வேண்டும். சுக்கானை வலம் கொடுத்தால் அது வலப்பக்கம் திரும்ப வேண்டும், வள்ளத்துச் சுக்கான் மாதிரித்தான். நான் அறிந்த முதல் நாள் விழுகைகளில் பெரும்பங்கு எலரோன் மாறிப் பூட்டியதால் வந்தவை.

தொடர்பு அறுந்தால் விமானம் என்ன செய்ய வேண்டும் என்பதையும் இங்கேயே பதிய வேண்டும். மோட்டார் பூச்சியம், சுக்கான் கொஞ்சம் ஒரு பக்கம், எலிவேட்டர் ஒரு துளி மேலே. இப்படிப் பதிந்தால் அது நேராக அரை கிலோமீற்றர் மிதந்து போகாமல் இருக்கிற இடத்திலேயே சுற்றிச் சுற்றி இறங்கும். பல றிமோட்டுகளில் கடையில் இருந்து வரும்போது இது பதியப்பட்டிருக்காது. வன்னியில் பறக்கவிடும் ஒருவர் இந்த ஒரு விஷயத்தை மறந்தால் மற்றதெல்லாம் வீண். மோட்டாரை ஒரே தட்டில் நிறுத்தும் சுவிச் ஒன்றையும் றிமோட்டில் ஒதுக்கி வையுங்கள்.

நேரக் கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். 2200 பற்றறியில் 80 சதவீதத்தைத்தான் பாவிக்கலாம் என்றால் 1760. சராசரி 15 அம்பியர் இழுத்தால் ஏழு நிமிடம். றிமோட்டில் மணியை ஆறு நிமிடத்துக்கு வையுங்கள்.

7. காற்று

வைகாசியிலிருந்து புரட்டாசி வரை சோளகம் (தென்மேல் காற்று) அடிக்கும். பத்து மணிக்குப் பிறகு அந்தக் காற்றில் பயிற்சி விமானம் பின்னுக்குப் பறப்பதைக்கூடப் பார்க்கலாம். அந்த மாதங்களில் விடிந்ததிலிருந்து எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். வாடைக் காலத்தில் காற்று லேசு, ஆனால் மழையும் ஈர மண்ணும். மாசி, பங்குனிதான் பொற்காலம். சித்திரையில் பின்னேர இடிமுழக்கம் தொடங்கிவிடும். தூரத்தில் ஒரு இடி கேட்டாலும் இறக்குங்கள், வெட்டையில் உயரமாக நிற்பது நீங்கள்தான்.

பனையோலை சும்மா ஆடினால் பறக்கவிடலாம். சலசலவென்று ஒன்றோடொன்று அடித்தால் புதிதாகப் பழகுகிறவர் வீட்டுக்குப் போகலாம். காற்றுக்கு மறைவாகப் பனை வரிசையின் பின்னால் நிற்பது புத்திசாலித்தனம் போலத் தெரியும், உண்மை எதிர்மாறு. மரத்தின் உயரத்தைப் போல எட்டுப் பத்து மடங்கு தூரத்துக்கு அந்தக் காற்று உருண்டு புரண்டுகொண்டுதான் வரும். தைப்பொங்கல் நாட்களில் வானம் பட்டக்காரர்களுடையது. நாம் ஒதுங்கிக்கொள்வதுதான் மரியாதை, நூலில் சிக்கினால் இரண்டு பக்கமும் நட்டம்.

8. வெட்டையில், வரிசை மாறாமல்

தனியாகப் போகாதீர்கள். ஒருவர் பறக்கவிட, ஒருவர் சுற்றிவரப் பார்க்க வேண்டும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்க நில்லுங்கள். உங்களுக்கு முன்னால் உள்ள பாதி வானம்தான் உங்களுடையது, பின்னால் உள்ள பாதி பார்வையாளர்களுடையது. சின்னப் பிள்ளைகள் எப்படியும் வருவார்கள். அவர்களை விரட்டுவதை விட, மண்ணில் ஒரு கோடு கீறி, அவர்களில் மூத்த பிள்ளையைக் கோட்டுக்குப் பொறுப்பாக்குங்கள். யாரும் தாண்டமாட்டார்கள்.

பிறகு இந்த ஒழுங்கு. வேக ஸ்டிக் அடியில் இருக்கிறதா பார்த்து, முதலில் றிமோட்டைப் போடுங்கள். சரியான விமானத்தின் பெயர் திரையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகுதான் விமானத்தின் பற்றறியைக் கொழுவ வேண்டும், அதுவும் விசிறியின் சுற்றுத் தளத்துக்குள் கையோ முகமோ வராதபடி. முடிக்கும்போது நேர் எதிர் ஒழுங்கு: முதலில் விமானப் பற்றறி, கடைசியில் றிமோட். திரும்பவும் மூன்று அசைவுத் திசைகளையும் பாருங்கள். றிமோட்டின் தூரச் சோதனை முறையில், வலுவைக் குறைத்து, முப்பது காலடி நடந்து போய், அசைவு ஒழுங்காக வருகிறதா பாருங்கள். பின்னுக்கு நின்று மோட்டாரை முழு வேகத்தில் ஐந்து செக்கன் ஓடவிடுங்கள், நண்பர் இறுக்கிப் பிடித்திருக்கட்டும். சேலை, சாரம், தொங்கும் சால்வை, கழுத்தில் றிமோட் பட்டி, எதுவும் விசிறிப் பக்கம் வரக்கூடாது.

9. முதல் பறப்பு

எறிவது நண்பரின் வேலை. காற்றை நேரே முகத்தில் வாங்கி, விமானத்தை மட்டமாகப் பிடித்து, கல் எறிவது போல் மேலே எறியாமல், ஈட்டி எறிவது போல் நேராக விட வேண்டும். மோட்டார் முக்கால் வேகத்தில் இருக்கட்டும். உங்கள் இரண்டு கையும் ஸ்டிக்கில்.

ஏறும் வரைக்கும் திருப்ப வேண்டாம். 40, 50 மீற்றர் வந்ததும் வேகத்தைப் பாதிக்குக் குறையுங்கள். ஸ்டிக்கை விட்டால் எந்தப் பக்கம் இழுக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் ட்ரிம்மை (ஸ்டிக்குக்குப் பக்கத்தில் உள்ள, சரிப்படுத்தும் சின்னச் சுவிச்) தட்டுங்கள். பிறகு பெரிய நீள்சதுரங்களாகச் சுற்றுங்கள், இடப்பக்கமும் வலப்பக்கமும்.

விமானம் உங்களை விட்டுப் போகும்போது எல்லாம் இலகு. உங்களை நோக்கித் திரும்பியதும் இடமும் வலமும் மாறிவிடும், புதியவர்கள் விழுத்துவது இங்கேதான். ஒரு வழி இருக்கிறது: உங்களை நோக்கி வரும்போது எந்த இறக்கை தாழ்கிறதோ, ஸ்டிக்கை அந்த இறக்கைப் பக்கமே தள்ளுங்கள். சாய்ந்த வேலிக்கு முண்டு கொடுப்பது மாதிரி. யோசிக்காமல் கை அதைச் செய்யும் வரை நான் ஒரு மாதம் எடுத்தேன்.

வேகம் குறைந்து இறக்கை பிடிமானத்தை இழந்தால் மூக்கு குத்தும். இதை உயரத்தில் வைத்து வேண்டுமென்றே செய்து பாருங்கள்: மோட்டாரைக் குறைத்து, எலிவேட்டரை மெல்ல மெல்ல இழுத்து, அது தலைகுனியும் கணத்தைப் பழகுங்கள். ஸ்டிக்கை முன்னே விட்டு வேகம் கொடுத்தால் எழும்பும். தரையில் நிற்கும் நமக்கு, காற்றோடு போகும் விமானம் வேகமாகப் போவது போலத் தெரியும். அதை நம்பி மோட்டாரைக் குறைத்துத் திருப்பினால் பத்து மீற்றர் உயரத்தில் இதே குத்து விழும், அங்கே எழும்ப இடமில்லை.

இறக்கும்போதும் காற்றுக்கு எதிராகத்தான். தூரத்திலிருந்தே நேராக்கிக்கொண்டு வாருங்கள். உயரத்தை மோட்டாரால் கூட்டிக் குறையுங்கள், வேகத்தை எலிவேட்டரால் பாருங்கள். முழங்கால் உயரத்தில் மோட்டாரை நிறுத்தி, எலிவேட்டரை ஒரு துளி இழுத்தால் வைக்கோல் மேல் வழுக்கிக்கொண்டு நிற்கும். "இறங்குது!" என்று உரத்துச் சொல்லிவிட்டு இறக்குங்கள். சரிவராது என்று பட்டால் வேகம் கொடுத்து இன்னொரு சுற்று வாருங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியாமல் போனால், மோட்டாரைக் குறைத்து ஸ்டிக்குகளை நடுவில் விடுங்கள், அது தானாக நிமிரும். ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் எங்கே என்று அண்ணாந்து தேடாமல் உடனே இறக்குங்கள். ஆளோ மாடோ கீழே வந்துவிட்டால் விமானத்தைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். யாருமில்லாத பக்கம் மண்ணில் குத்துவதுதான் சரியான இறக்கம்.

10. விழுந்த பிறகு

மோட்டார் சுவிச்சைத் தட்டுங்கள். றிமோட்டை நிறுத்த வேண்டாம், நிறுத்தினால் சில விமானங்களில் விசிறி துள்ளும். நின்ற இடத்திலிருந்து அசையாமல், விழுந்த திசையில் தூரத்தில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ குறி வையுங்கள். நண்பர் வேறு இடத்தில் நின்று தன் குறியை வைக்கட்டும். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில்தான் விமானம் கிடக்கும். மலிவான சத்தப்பெட்டி ஒன்று பூட்டியிருந்தால் இன்னும் இலகு.

ஐந்து நிமிடம் பொறுங்கள். அடிபட்ட பற்றறி உடனே எரியாமல் பிறகும் எரியலாம், கோடையில் அறுத்த வயலின் காய்ந்த தாள் பற்றிக்கொள்ள அது போதும். புகை இல்லை என்றால், மனிதரும் மாடும் நாளாந்தம் நடக்கும் வரம்பு வழியே போங்கள். கம்பியில் தொங்கினால் தடியால் தட்ட வேண்டாம், இறக்கைக்குள் இருக்கும் காபன் குழாய் மின்சாரம் கடத்தும். மின்சார சபைக்குச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். தண்ணீருக்குள் விழுந்தால் காற்று கரைக்குத் தள்ளும் வரை பாருங்கள்.

பற்றைக்குள் விழுந்தால், காணிக்காரர் தானே நடந்துபோகத் தயாரான இடத்துக்கு மட்டும் அவர் பின்னால் போங்கள். அவர் தயங்கினால் அது போனதுதான். தேடும்போது துருப்பிடித்த உலோகம், பச்சைப் பிளாஸ்டிக் மூடி, மண்ணிலிருந்து நீட்டிய கம்பி, எதைக் கண்டாலும் தொடாதீர்கள், கல்லால் எறியாதீர்கள். நின்று, வந்த காலடியிலேயே திரும்பி, வரம்பில் ஒரு தடியை நட்டுவிட்டு 119 க்கு அழையுங்கள். விசிறி வெட்டிய காயம் என்றால் சுத்தமான துணியால் இறுக்கி அழுத்திக்கொண்டு 1990 க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

11. வீட்டுக்கு வந்து

பற்றறியை உடம்பிலிருந்து கழற்றி, சூடு ஆறியதும் ஒவ்வொரு செல்லும் 3.8 வோல்ற்றில் நிற்கும்படி வையுங்கள். நிறைய சார்ஜோடு கிழமைக்கணக்கில் கிடந்தால் வீங்கும். வீங்கியதை ஊசியால் குத்தாதீர்கள். வெளியே மணலில் வைத்து ஒரு 12 வோல்ற் பல்ப்பைக் கொழுவி, பல்ப் அணைந்து நீண்ட நேரம் ஆன பிறகு, வயர் முனைகளைத் தனித்தனியே ரேப் சுற்றி, மின்னணுக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். பின்வளவில் குப்பைக் கிடங்கில் போட்டு எரிக்கிற பழக்கத்துக்கு இது மட்டும் விதிவிலக்கு.

பிறகு ஒரு கொப்பியில் எழுதுங்கள்: திகதி, வயல், காற்று, எத்தனை நிமிடம், எப்படி விழுந்தது. என் கொப்பியின் முதல் வரியில் "40 செக்கன், பற்றை, எடுக்கவில்லை" என்று இருக்கிறது.